மகளைச் சட்டம் படிக்க வைத்தால் மட்டும் போதுமா?



கேமரன் மலையில் ஒரு தாயிடம் மகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். டீச்சராக வேண்டும் என்பார், நர்ஸாக வேண்டும் என்பார். வழக்கறிஞராக வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு கோர்ட்டும் கேசும்?" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

இந்த மலையில் நம் கதை புதிதல்ல. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டதில் நம் பாட்டன் பாட்டிகளின் உழைப்பு இருக்கிறது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் ஹோட்டல், காய்கறித் தோட்டம், கடை என்று பிழைக்கிறார்கள். பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். வேலை மாறினாலும் பிரச்சினைகள் மாறவில்லை. காரணமில்லாத வேலை நீக்கம், இ.பி.எஃப். பாக்கி, சொக்சோ இழப்பீடு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம், பிறப்புப் பத்திரச் சிக்கல் எல்லாம் சட்டத்தின் வாசலில்தான் போய் நிற்கின்றன.

ஓர் உதாரணம் போதும். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி, 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் மீண்டும் வேலை கேட்டு மனு கொடுக்க 60 நாட்கள்தான் அவகாசம். அந்த நாள் கடந்தால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கதவு மூடிவிடும். இதைச் சொல்ல வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் வேண்டாமா? அதுவும் மேலதிகாரியின் தொல்லையையோ வீட்டில் விழும் அடியையோ சொல்ல வரும் பெண், யாரிடம் வாய் திறப்பாள்? நம் மொழி பேசும் ஒரு பெண் வழக்கறிஞரிடம் அவளுக்குப் பேச்சு வரும்.

பெண்களால் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நாட்டின் அனுபவமே பதில். தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர்களில் இன்று பாதிக்கு மேல் பெண்கள். 2019-ல் தெங்கு மைமுன் துவான் மாட் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். 2025 வரை அப்பதவியில் இருந்தார். நளினி பத்மநாதன் 2018-ல் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தார். அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தார். 2007 செப்டம்பரில் நீதித்துறையின் மானம் காக்கக் கோரி ஏறத்தாழ இரண்டாயிரம் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்தபோது முன்னால் நடந்தவர் அவர்தான்.

அந்த முன்வரிசைக்கு அவர் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. 2012-ல் பெர்சே இயக்கத்துக்குத் தலைமை தாங்கியபோது, அவர் வீட்டு வாசலில் சிலர் கும்பலாக வந்து பின்புறத்தைக் காட்டி உடற்பயிற்சி செய்தார்கள். ஆண் தலைவர் என்றால் இப்படி இழிவு செய்யத் துணிந்திருப்பார்களா? அவர் அசையவில்லை.

ஆனால் ஓர் உண்மையை மறைத்துப் பேசுவது நமக்கு நல்லதல்ல. அம்பிகா ஒரு டாக்டரின் மகள், வெளிநாட்டில் படித்தவர். அவர் திறமையில் நமக்குச் சந்தேகமில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் திறமை உண்டு. இல்லாதது பணமும் ஆள் பழக்கமும்தான். அந்தக் குறையால் அவள் கால் இடறும் இடங்கள் மூன்று. அவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் இடம், எஸ்.பி.எம். முடிந்த கையோடு வருகிறது. மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் வழக்கறிஞராவது பெரும்பாடு, ஆங்கிலமும் வேண்டும். அதன் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் வழியாக மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம். போன்ற அரசு பல்கலைக்கழகங்களின் சட்டத்துறைக்குப் போக முடிந்தால் செலவு குறைவு. அங்கே பட்டம் பெறுபவர்கள் சி.எல்.பி. தேர்வு எழுத வேண்டியதில்லை. தனியார் கல்லூரியில் லண்டன் பட்டம் என்று விளம்பரம் பார்த்துச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். அந்தப் பட்டத்தைச் சட்டத்தொழில் தகுதி வாரியம் ஏற்கிறதா? ஏற்றாலும் அதன்மேல் சி.எல்.பி. எழுதித் தேற வேண்டும். அது கடினமான தேர்வு. இது தெரியாமல் நகையை அடகு வைத்து, பட்டத்தோடு நின்றுபோன பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

இரண்டாவது இடம்தான் பலருக்கும் தெரியாத பள்ளம். பட்டம் கையில் வந்தவுடன் கோர்ட்டில் நிற்க முடியாது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தொழில் சட்டப்படி, குறைந்தது ஏழு ஆண்டு அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதம் பயிற்சி பெற வேண்டும். இதைத்தான் சேம்பரிங் என்கிறார்கள். அந்த ஒன்பது மாதத்தில் தனி அனுமதி இல்லாமல் வேறு வேலைக்குப் போகக் கூடாது. பயிற்சி கொடுப்பவர் தரும் உதவித்தொகை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சிறிய நிறுவனமென்றால் கோலாலம்பூரில் அறை வாடகை, பேருந்துச் செலவு, சாப்பாடு, கறுப்புக் கோட்டு எல்லாவற்றுக்கும் அது எட்டுமா என்பது கேள்வி. பி.டி.பி.டி.என். கடன் வேறு வாசலில் நிற்கும். அப்பா வழக்கறிஞராக இருக்கும் பிள்ளைக்கு இடம் தேடி வருகிறது. நம் பிள்ளையோ தெரியாத நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் போடுகிறாள். "படிச்சு முடிச்சும் சம்பளம் இல்லையா?" என்று நாமே கேட்டால் அவள் எங்கே போவாள்? சம்பளம் வரும் முதல் ஆபீஸ் வேலைக்குப் போய்விடுவாள். நான்கு வருடப் படிப்பு ஒன்பது மாதத்தில் கரைந்துவிடும்.

மூன்றாவது இடம் கல்யாணத்துக்குப் பிறகு. வழக்கு, கட்சிக்காரர், இரவு நேர வேலை என்று ஓடும் தொழிலில் குழந்தை பிறந்தவுடன் பெண்ணைத்தான் நிற்கச் சொல்கிறோம். ஐந்தாறு வருடம் விட்டால் பழைய கட்சிக்காரர்கள் வேறு இடம் போயிருப்பார்கள். கூட வேலை பார்த்த ஆண் பங்குதாரராகியிருப்பார். சம்பளத்துக்கு வேலை செய்யும் வழக்கறிஞருக்கு, 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 98 நாள் மகப்பேறு விடுப்பு தருகிறது. தனியாக அலுவலகம் நடத்துபவருக்கும் பங்குதாரருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடச் சொல்வது பெரும்பாலும் நம் வீடுதான்.

பெண் வழக்கறிஞர் தொழிலில் நிலைத்து நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. கர்ப்பமானதால் வேலையை விடச் சொல்லப்பட்ட விமானப் பணிப்பெண் பீட்ரிஸ் பெர்னாண்டஸ், கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் 2005-ல் தோற்றார். அதோடு பெண்கள் போராட்டம் ஓயவில்லை. கர்ப்பம் என்பதற்காகத் தற்காலிக ஆசிரியை வேலையை இழந்த நூர்ஃபடில்லா, 2011-ல் ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் வென்றார். பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்ற அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு அவருக்குக் கைகொடுத்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஹனி டான் என்ற பெண் வழக்கறிஞரும் ஒருவர். ஒரு பெண் தொழிலில் நின்றதன் பலன் எத்தனையோ பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே பெற்றோர்களே, மகளைச் சட்டம் படிக்க வைப்பது பாதி வேலைதான். படிப்புச் செலவைக் கணக்குப் போடும்போதே சேம்பரிங் ஒன்பது மாதத்தையும் சேர்த்துப் போடுங்கள். தம்பியின் மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டும் வீடு, அக்காளின் ஒன்பது மாதத்தைத் தாங்க முடியாதா? மாப்பிள்ளை பார்க்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கோர்ட்டுக்குப் போவாள் என்பதை வெற்றிலை பாக்கு மாற்றும் முன்பே பேசிவிடுங்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் அவள் தொழிலுக்குச் செய்யும் உதவிதான்.

கோவில் நிர்வாகங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் போடுகிறோம். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, வருடத்துக்கு ஒரு பிள்ளையின் சேம்பரிங் காலத்துக்கு மாதாமாதம் கொடுங்கள். நம் இனத்து வழக்கறிஞர்களே, உங்கள் அலுவலகத்தில் ஓர் இடத்தைத் தோட்டத்துப் பெண்ணுக்கென்று ஒதுக்குங்கள். பட்டினி போடாத உதவித்தொகையும் கொடுங்கள். மேடையில் சமுதாயம் பேசுவதைவிட இது பெரிய சேவை.

மகள்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கறிஞர் என்றால் கோர்ட் மட்டுமல்ல. அரசின் சட்டப் பணி, சட்ட உதவித் துறை, தொழிற்சங்கம், நிறுவனங்களின் சட்டப் பிரிவு என்று வழிகள் பல. கேட்கக் கூச்சப்படாதீர்கள். இன்று நீங்கள் தட்டித் திறக்கும் கதவு, நாளை உங்கள் பின்னால் வருபவளுக்குத் திறந்தே இருக்கும்.

இந்த மலையில் மண்ணைப் பண்படுத்த நமக்குத் தெரியும். அந்த மண்ணில் நமக்குள்ள உரிமையை எழுதிக் கேட்கவும் நம் வீட்டிலேயே ஆள் வேண்டும். இன்றிரவே மகளோடு பேசுங்கள்.