இரைச்சலுக்கு இல்லை உரிமை!

இரவு பதினொரு மணியைக் கடந்த பிறகும் தலைநகர் தில்லியின் பிரதான சாலைகளையொட்டி வசிப்பவர்களுக்கு நிம்மதியான உறக்கம் வாய்ப்பதில்லை. தொலைவில் உறுமலாகத் தொடங்கி, வீட்டை நெருங்கும்போது வெடிச் சத்தமாக மாறி, தொட்டில் குழந்தையையும் படுக்கையிலிருக்கும் முதியவரையும் திடுக்கிட வைத்துவிட்டுக் கடந்துபோகிறது ஏதாவதொரு மோட்டார் சைக்கிள். இது தில்லிக்கு மட்டுமே உரிய நோயல்ல. லக்னௌ, சண்டீகர், புணே, பெங்களூரு என்று எந்த நகரமும் இதற்கு விதிவிலக்காக இல்லை.

இந்த வாகனங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது இப்படி அலறுவதில்லை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களின் ஒலி, சோதனையின்போது 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிற விதி 2005 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. என்ஜினிலிருந்து பேரழுத்தத்துடன் பீறிட்டு வரும் வாயுவை, தடுப்பறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் சுற்றவிட்டு அதன் வேகத்தைத் தணிப்பதுதான் சைலன்சரின் வேலை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத வெற்றுக் குழாயைப் பொருத்திக் கொள்வதைப் பெருமையாகக் கருதும் மனோபாவம்தான் பிரச்னையின் ஊற்றுக்கண். ஒலி 80 டெசிபலிலிருந்து 90 டெசிபலாக உயர்வது ஏதோ சிறிய மாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. அதன் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பது பொருள். குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேரத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அனுமதிக்கும் அளவு 45 டெசிபல் மட்டுமே.

காதுக்கு மட்டும்தான் கேடு என்பதும் இல்லை. இன்றைய வாகனங்களில் நச்சு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் வினையூக்கி மாற்றி, புகை வெளியேறும் குழாயமைப்பிலேயே இணைக்கப்பட்டிருக்கிறது. முழுக் குழாயையும் மாற்றும்போது அதுவும் அகற்றப்படுகிறது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 தரத்துக்கு மாறுவதற்காக தேசம் செலவிட்ட உழைப்பும் பணமும் ஒரு மெக்கானிக்கின் அரைமணி நேர வேலையில் வீணாகின்றன. குளிர்காலத்தில் மூச்சுத் திணறும் தில்லிக்கு இது தேவைதானா?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வாகனத்திலும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆவது விதி. தயாரிப்பாளர் நிர்ணயித்த அம்சங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஒலி விதிகளை மீறுவோருக்கு முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் என்று கடுமை காட்டியது. 2021 ஜூலையில் அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னௌ அமர்வு, இந்தப் பிரச்னையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக் கொண்டது.

இத்தனைக்குப் பிறகும் இரைச்சல் ஓயவில்லை என்றால், கோளாறு எங்கே இருக்கிறது?

அவ்வப்போது காவல்துறையினர் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் காட்சி பல நகரங்களில் அரங்கேறுகிறது. மறுநாள் நாளிதழ்களில் படமும் வெளியாகிறது. ஆனால், நசுக்கப்பட்டவற்றுக்கு மாற்று, தில்லி கரோல் பாக் போன்ற உதிரிபாகச் சந்தைகளில் அன்று மாலையே கிடைத்துவிடுகிறது. வாங்கிப் பொருத்தியவர் குற்றவாளி. விற்றவரும் தயாரித்தவரும் வணிகர்கள் என்பது என்ன நியாயம்?

விற்பனையாளருக்கு ஓராண்டு சிறை, பாகம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம் என்று 2019 திருத்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால், அது பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்று மத்திய அரசு அறிவிக்கும் பாகங்களுக்கு மட்டுமே பொருந்தும். தர அங்கீகாரம் பெறாத சைலன்சர்களின் தயாரிப்பையும் விற்பனையையும் ஐயத்துக்கு இடமின்றித் தடை செய்யும் விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வகுத்தாக வேண்டும். பழுதான சைலன்சருக்கு மாற்று தேவைப்படுவோர், அங்கீகாரம் பெற்றதை வாங்கிக் கொள்ளட்டும்.

இன்னொரு குறையும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காக வரும் வாகனத்தின் புகை சோதிக்கப்படுகிறது, ஒலி சோதிக்கப்படுவதில்லை. சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலரின் கையிலும் பெரும்பாலும் ஒலிமானி இருப்பதில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் பாரபட்சமும் பேரமும் நுழைவது இயல்பு. ஏழை இளைஞனின் பழைய மோட்டார் சைக்கிள் மடக்கப்படுவதும், பல லட்ச ரூபாய் இறக்குமதி வாகனம் வழிவிட்டு அனுப்பப்படுவதும் அதனால்தான். புகைச் சோதனையுடன் ஒலிச் சோதனையையும் கட்டாயமாக்குவது அரசுக்குப் பெரும் செலவு பிடிக்கும் காரியமல்ல. மாநில அரசுகளும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 2019-இல் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்த சூட்டோடு, வாக்காளர்களின் அதிருப்திக்கு அஞ்சி, குஜராத் உள்ளிட்ட மாநிலங்கள் பல அபராதங்களைக் குறைத்து அறிவித்ததை மறந்துவிட முடியாது.

ஓசை அதிகமாக இருந்தால்தான் மற்றவர்கள் விலகுவார்கள், அது பாதுகாப்பு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். குழாய் பின்னோக்கி இருக்கிறது. ஆபத்தோ பெரும்பாலும் முன்னிருந்து வருகிறது. என் வண்டி, என் விருப்பம் என்பாரும் உண்டு. வண்டி அவருடையதுதான். தெரு அவருடையதல்ல.

2005 ஜூலையில் ஒலி மாசு குறித்து உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இரைச்சலற்ற சூழலில் வாழ்வது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் அங்கம் என்றது. ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போன ஒரு சிறுமியின் அபயக்குரல்தான் அந்த வழக்கு தொடரப்படக் காரணம். அடுத்தவர் குரல் நம் காதில் விழும் அளவுக்காவது அமைதி இருக்கும் இடம்தான் நாகரிக சமுதாயம். அந்த அமைதியைக் காப்பது அரசின் கடமை. குலைக்காமல் இருப்பது குடிமக்களின் கடமை!