குறட்டைக்குத் திருகாணியா?

1/ குழந்தை குறட்டை விடுது, வாயைத் திறந்துட்டே தூங்குது. "மேல் அண்ணத்தை விரிக்கிற கிளிப் போட்டா மூச்சு சரியாயிடும்"னு ரீல்ஸ் பார்த்துட்டு ஓபிக்கு வந்து கேக்கறாங்க. கடன் வாங்கி அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க.

2/ கருவி போலி இல்லைங்க. 1860-லயே அமெரிக்காவுல பதிவான சிகிச்சை. வாயோட கூரைதான் மூக்கோட தரை. சின்ன வயசுல அந்தக் கூரை ரெண்டு எலும்பாத்தான் இருக்கும், நடுவுல ஒரு இணைப்பு. திருகாணியை ஒரு தடவை திருப்பினா சுமார் 0.25 மி.மீ. விரியும். மூக்குப் பாதையும் கொஞ்சம் அகலமாகும்.

3/ இது யாருக்கு? மேல் தாடை குறுகி, மேல் கடைவாய்ப் பல்லு கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமா விழுந்து கடிக்கிற குழந்தைக்கு. குறட்டை விடற எல்லாக் குழந்தைக்கும் இல்ல.

4/ சின்னக் குழந்தைங்க குறட்டைக்குப் பெரும்பாலான காரணம் அடினாய்டு, டான்சில், மூக்கு அலர்ஜி. பின்கதவை மஞ்சள் மூட்டை மறிச்சுக் கிடக்குதான்னு பாக்காம, முன்வாசலை இடிச்சு அகலப்படுத்துவீங்களா?

5/ "எங்க பையனுக்குப் போட்டோம், குறட்டை நின்னுருச்சு"ம்பாங்க. 2013-ல வெளியான அமெரிக்க ஆய்வு: தூக்கத்துல மூச்சடைப்பு இருந்த 5–9 வயசுக் குழந்தைங்க 464 பேர். ஆபரேஷன் பண்ணாம 7 மாசம் கவனிச்சவங்கள்ல 46% பேருக்குத் தூக்கப் பரிசோதனை தானாவே நார்மலாச்சு. ஆபரேஷன் பண்ணவங்கள்ல 79%. அப்போ தானா சரியானதுக்கும் கிளிப்புதான் பேர் வாங்கிக்கும்!

6/ இதை நான் மட்டும் சொல்லலை. கிளிப் போடற டாக்டர்களோட அமெரிக்கச் சங்கமே 2019 அறிக்கையில, தாடை எலும்புல அதுக்கான குறை இருந்தாத்தான் விரிக்கணும்னு சொல்லுது.

7/ அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:
மூக்கையும் தொண்டையையும் காது-மூக்கு-தொண்டை டாக்டர் பார்த்தாச்சா?
தாடை நிஜமாவே குறுகலா? எதை வெச்சு சொல்றீங்க?
தூக்கப் பரிசோதனை தேவையா?
பதில் சொல்லாம "ஆஃபர் இந்த மாசம்தான்"னா எந்திரிச்சு வந்துருங்க.

8/ காது-மூக்கு-தொண்டை டாக்டரை நம்ம பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயே பாக்கலாம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா, திணறி எந்திரிச்சா, நின்னுபோன படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம் திரும்ப வந்தா தள்ளிப்போடாதீங்க. தூங்கறப்ப ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்துட்டு வாங்க. எங்களுக்கு அது ரொம்ப உதவும்.