புகையாகப் போகும் பலகை

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் தலைநகர் தில்லியில் ஒரே விவாதம்தான் நடக்கிறது. பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் நெல் தாளின் புகை, வாகனப் புகையோடும் கட்டுமானத் தூசியோடும் கலந்து நகரை மூடுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை, மாநில அரசுகளின் பரஸ்பரக் குற்றச்சாட்டு, உச்ச நீதிமன்றத்தின் கண்டனம் எனச் சில வாரங்கள் கழிகின்றன. காற்று தெளிந்ததும் எல்லாம் மறக்கப்படுகிறது. எரிந்து போனது கழிவல்ல, கதவாகவும் மேசையாகவும் ஆகியிருக்கக்கூடிய மூலப்பொருள் என்பது மட்டும் பெரிதாகப் பேசப்படுவதில்லை.

விவசாயியைக் குறை சொல்வது எளிது. பஞ்சாபில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் சேர்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் இயற்றப்பட்ட சட்டம் நாற்று நடவைத் தள்ளிப்போட்டது. அதனால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே எஞ்சுகின்றன. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அகற்ற ஆள் கூலி கட்டுப்படியாகாது. ஒரு தீக்குச்சியின் விலையோடு போட்டியிட எந்த இயந்திரத்தாலும் முடியவில்லை.

அரசுகள் சும்மா இருந்துவிடவில்லை. 2018 முதல் தாளை மடக்கி உழும் இயந்திரங்களுக்கு மானியம் அளிக்கப்படுகிறது. 2021-இல் காற்றுத்தர மேலாண்மை ஆணையத்துக்குச் சட்ட வடிவம் தரப்பட்டது. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாக்கப்பட்டு, 5 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு 30 ஆயிரம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. தண்டனையும் மானியமும் உண்டு. வைக்கோலுக்கு நிலையான சந்தை மட்டும் இல்லை.

வைக்கோலிலிருந்து பலகை செய்வது கற்பனையன்று. நாரை நறுக்கி, உலர்த்தி, பசை கலந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கினால் பலகை கிடைக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து துகள்பலகை செய்யும் ஆலைகள் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளன. ஆனால், நெல் வைக்கோல் சற்று முரண்டு பிடிக்கும் பொருள். அதன் மேல் மெழுகுப் படலம் இருப்பதால், மரப்பலகை ஆலைகளில் பயன்படும் மலிவான யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சரியாகப் பற்றுவதில்லை. அதிலுள்ள சிலிக்கா, வெட்டும் கத்திகளை விரைவில் மழுக்குகிறது. ஐசோசயனேட் வகைப் பசை நன்கு பிடிக்கும். ஆனால் விலை அதிகம், பெரும்பகுதி இறக்குமதியாகிறது. போதாக்குறைக்கு, வைக்கோல் எடை குறைந்து இடத்தை அடைப்பது. தொலைதூரம் லாரியில் ஏற்றினால் வாடகையே விலையை விழுங்கிவிடும். இவை தீராத சிக்கல்கள் அல்ல. ஆய்வுக்கூடமும் ஆலையும் சேர்ந்து தீர்க்க வேண்டியவை.

ஆய்வுக்கூடங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. பெங்களூரில் 1962-இல் நிறுவப்பட்ட இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் ஆராய்ச்சி நிலையம், மூங்கில் பாயை அடுக்கி அழுத்தி நெளிவுக் கூரைத் தகடு செய்யும் முறையை உருவாக்கியது. கல்நார்த் தகட்டுக்கு நல்ல மாற்று அது. ஆயினும் நம் ஊர்க் கூரைகளில் அதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? மூங்கிலையே மரமாகக் கருதிய 1927-ஆம் ஆண்டு வனச் சட்டத்தை, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்குப் பொருந்தாதவாறு திருத்த 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பு முந்திக்கொள்ள, சட்டம் நொண்டியடித்தது.

பலகைத் தொழிலின் போக்கை மாற்றும் வலிமை அரசுக்கு உண்டு என்பதற்கு வரலாறே சான்று. தொழிற்சாலைகள் காட்டை நம்பாமல் உழவர்களிடமிருந்து மூலப்பொருளைப் பெற வேண்டும் என்றது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடெங்கும் மர ஆலைகளை உலுக்கியது. அதன்பின் வயல் வரப்புகளில் வளர்ந்த பாப்லரும் தைல மரமும்தான் ஹரியாணாவின் யமுனாநகர் ஒட்டுப்பலகை ஆலைகளை வாழவைத்தன. தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்த 1993-இல் மத்திய பொதுப்பணித் துறை விதித்த தடை 2020 வரை நீடித்தது. ஒரு சுற்றறிக்கை 27 ஆண்டுகள் சந்தையைத் திருப்பிவிட முடியுமானால், இன்னொரு சுற்றறிக்கை வைக்கோல் பலகைக்கு வாசல் திறக்க முடியாதா?

வைக்கோலை எரிபொருளாக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பானிபட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட எத்தனால் ஆலை ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலுக்கென அமைக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், பஞ்சாபின் 2 கோடி டன்னுக்கு முன் அது நூற்றில் ஒரு பங்கு. மேலும், எரிபொருளில் உள்ள கரியமிலம் உடனே காற்றில் கலக்கிறது. பலகையில் உள்ளதோ பல்லாண்டுகள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மண்ணுக்கும் மாட்டுக்கும் உரிய பங்கை எடுத்துவைத்த பிறகு எஞ்சுவதில், முதலில் பொருளாக்கி இறுதியில் எரிப்பதே அறிவுடைமை.

இதற்கு முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1979-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த கரும்புச் சக்கையைக் காகிதமாக்க முனைந்தது. சக்கையைச் சும்மா கேட்கவில்லை. ஆலைகளுக்கு வேறு எரிபொருளுக்கும் நீராவிக்கும் வழிசெய்துவிட்டுச் சக்கையைப் பெற்றது. கொடுப்பவருக்கும் ஆதாயம் வேண்டும் என்ற இந்த எளிய நியாயம்தான் பஞ்சாப் வயல்களில் இன்றும் விடுபட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. வைக்கோல் கட்டுக்கு வயலடி விலையை அறுவடைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பெரிய ஆலை ஒன்றிரண்டுக்குப் பதிலாக, வைக்கோல் விளையும் வட்டாரங்களிலேயே நடுத்தர ஆலைகளை ஊக்குவிக்க வேண்டும். விலை மலிந்த உள்நாட்டுப் பசைக்கு அரசு ஆய்வகங்கள் முன்னுரிமை தர வேண்டும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. எனவே பலகையிலிருந்து கசியும் அந்த வாயுவுக்கான கட்டுப்பாடு தளரக் கூடாது. வெளிப்புகையை விரட்டி வீட்டுக்குள் நஞ்சை வைப்பது தீர்வாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசுப் பள்ளிகளின் மேசை, அலுவலகத் தடுப்பு, குடியிருப்புக் கதவு ஆகியவற்றுக்கான கொள்முதலில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பயிர்க்கழிவுப் பலகைக்கு ஒதுக்க வேண்டும். வாங்குவோர் உறுதியானால் முதலீடு தானே வரும்.

அபராதச் சீட்டைப் பார்த்து விவசாயி தீக்குச்சியைக் கீழே போடமாட்டார். வைக்கோலை ஏற்றிச்செல்ல வண்டியும் கையில் பணமும் வரும் என்று தெரிந்தால் போடுவார். அந்த நம்பிக்கையைத் தர வேண்டிய அதிகாரம் தில்லியில் இருக்கிறது. புகையில் முதலில் மூச்சுத் திணறுவதும் தில்லிதான்.