கொரோனாவோடு போய்விடவில்லை கருப்புப் பூஞ்சை

“கருப்புப் பூஞ்சையா? அதெல்லாம் கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போய்விட்டதே!” படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள். இந்த நம்பிக்கையால் இன்றும் கண்கள் பறிபோகின்றன.

மியூகார்மைகோசிஸ் என்ற இந்த நோயை பால்டாஃப் என்ற மருத்துவர் 1885-லேயே விவரித்து எழுதிவிட்டார். கொரோனா தலைகாட்டாத 2016, 2017-இல் இந்தியாவின் 12 மருத்துவமனைகளில் மட்டும் 465 நோயாளிகள் பதிவானார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சர்க்கரை நோயாளிகள். கொரோனா காலத்தில், 2021 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு சொன்ன நோயாளிகளின் கணக்கு 40,845. அதிலும் 26,187 பேருக்குச் சர்க்கரை இருந்தது. 21,523 பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். ஆக்சிஜனே தேவைப்படாத கொரோனா நோயாளிகளுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தோம், அது சர்க்கரையை எகிற வைத்தது. நாமோ ஈர முகக்கவசத்தின் மீது பழியைப் போட்டோம்.

இந்தப் பூஞ்சையின் வித்துகள் மண்ணில், எருக்குழியில், அழுகிய பழத்தில் எங்கும் உண்டு. அவற்றை எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம்; பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் அமிலம் ஏறும்போதுதான் நிலைமை மாறுகிறது. வெள்ளணுக்கள் தளர்கின்றன, புரதத்தோடு பிணைந்திருந்த இரும்புச்சத்து விடுபட்டுப் பூஞ்சைக்குத் தீனியாகிறது. அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ள, சதை செத்துப்போகிறது. நாம் பார்க்கும் கருப்பு, செத்த சதையின் நிறம். அது தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற எலும்பு. அதைத் தாண்டினால் கண், அதற்கப்பால் மூளை.

ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? ஒரு பக்கம் முகம் வலித்தால், “சைனஸ்தான், ஆவி பிடி.” மேல்பல் ஆடினால் பிடுங்கிவிடுகிறார்கள். இமை வீங்கினால் சொட்டு மருந்து. கொரோனா இல்லாததால் யாருக்கும் பூஞ்சை நினைவுக்கே வருவதில்லை. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசியும் செத்த சதையை அகற்றும் அறுவையும் உடனே தொடங்கினால் பார்வை தப்ப வழியுண்டு. தாமதித்தால், உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க வேண்டிவரலாம்.

சர்க்கரை உள்ளவருக்குக் கன்னம் மரத்து, அதே பக்கக் கண் வீங்கினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். மூக்கினுள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து எடுத்த சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கச் சில மணி நேரம் போதும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அன்றே வேறு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.