தவிர்க்க முடியாத தொற்றா?

"தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் ஏற்கெனவே நலிந்தவர், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகினால் சிலருக்குத் தொற்று வரத்தான் செய்யும், அது யார் குற்றமும் அல்ல." வாதம் இதுதான். நோயாளி நலிந்தவர் என்பது உண்மை. முடிவுதான் தவறு.

1. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் செய்த பணியின் முடிவு 2006-இல் வெளியானது. ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒரு நோயாளியிடம் குழாய் ஒரு நாள் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, 18 மாதங்களுக்குள் 1.4 ஆனது. அங்கிருந்தவர்கள் மட்டும் நலியாதவர்களா?

2. அவர்கள் நம்பியது புது மருந்தையா? இல்லை. கை கழுவினார்கள். முகக்கவசம், அங்கி, கையுறை அணிந்து, நோயாளியை முழுவதும் விரிப்பால் மூடினார்கள். குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தார்கள். தொடை இடுக்கில் குழாய் செருகுவதை இயன்றவரை தவிர்த்தார்கள். தேவை முடிந்ததும் குழாயை எடுத்தார்கள். இவற்றைவிடக் கடினமானது இன்னொன்று: ஒரு படி விடுபட்டால் மருத்துவரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. மூத்த மருத்துவரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் செவிலியரை நிர்வாகம் காக்காவிட்டால், சுவரில் ஒட்டிய பட்டியலால் என்ன பயன்?

3. "முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டால் போதாதா?" போதாது. குழாயில் படலமாக ஒட்டிய கிருமிகளை மருந்து எளிதில் அழிக்காது. மருந்துக்கு அடங்காத கிருமிகளே பெருகும். இந்தத் தொற்றைத் தடுப்பதற்காக ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்காவின் 2011 வழிகாட்டுதலும் சொல்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் உங்கள் உறவினர் இருந்தால், "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று மருத்துவரிடம் தினமும் கேளுங்கள்.