பசுமைப் பட்டாசு யாருக்குப் பசுமை?

'பசுமைப் பட்டாசு' என்னும் சொல் இன்று சிவகாசிச் சாலையில் டீக்கடை வரை வந்துவிட்டது. சொல் வந்த அளவுக்குப் பொருள் வந்ததா என்பதே என் ஐயம்.

தீபாவளிப் புகையை எதிர்த்து, தில்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரால் 2015இல் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தொடுக்கப்பட்டது. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புகளுக்குத் தடை, புகை குறைந்த பட்டாசுக்கே அனுமதி. நாகபுரியிலுள்ள 'நீரி' ஆய்வு நிறுவனம் புதிய கலவைகளை வகுத்தது. 'ஸ்வாஸ்' என்ற வகை வெடிக்கையில் நீராவியை விட்டுத் தூசியை அடக்கும். 'சஃபல்' வகையில் அலுமினியம் குறைவு. நுண்துகள் மாசு சுமார் 30 விழுக்காடு குறையும் என்பது கணக்கு. குறையுமேயன்றி இல்லாமற் போகாது. இதனை 'மாசற்ற பட்டாசு' என்று கூவி விற்பது வாணிபம், வேதியியல் அன்று.

பேரியம் நைட்ரேட் செய்த குற்றம்தான் என்ன? வாணவெடிக்குப் பச்சை ஒளி தந்தது அது; கம்பி மத்தாப்புக்கு உயிர்நாடியும் அதுவே. ஆனால் நீரில் கரையும் பேரியம் உப்பு உடலுக்கு நஞ்சு. வேறு உப்பைப் போட்டால் போயிற்று என்பீர்கள். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. பேரியம் நைட்ரேட் எளிதில் ஈரம் வாங்காது. சோடியம் நைட்ரேட்டோ மழைக்காற்றிலேயே கசிந்துவிடும். வறண்ட கரிசற் காற்றை நம்பி வளர்ந்த தொழில் இது. தீபாவளியோ ஐப்பசி மழையில் வருகிறது! மத்தாப்பு நமத்துப்போனால் முதலாளிக்கு நட்டம். அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது தானே சூடேறும். சில வேளை தானே தீப்பற்றும். அந்த நட்டம் யாருக்கு?

ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே சிக்கல் உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதற்கட்டத்தில் சுமார் 138 டன் திண்ம எரிபொருள். அதிலுள்ள அம்மோனியம் பெர்குளோரேட் எரிந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்குகிறது. குளோரின் இல்லாத அம்மோனியம் டைநைட்ரமைடை உலகெங்கும் ஆராய்கிறார்கள். அதுவும் ஈரத்தை இழுக்கும் உப்புத்தான். ஆயினும் அங்கே மனிதர் தொலைவில் நிற்க, இயந்திரம் மருந்தைக் கலக்கிறது. நம் வட்டாரத்தில் கை கலக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டதை இங்கு யார் மறப்பார்?

தில்லியில் எவ்வளவு புகை குறைந்தது என்று கேட்பது நியாயமே. மருந்து கலக்கும் அறையில் எவ்வளவு ஆபத்துக் குறைந்தது என்றும் கேட்டிருக்க வேண்டாமா? கலக்குபவர் கைக்குப் பசுமையாக இல்லாத கலவைக்குப் பசுமை முத்திரை தரலாகாது என்பேன்.

நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. எந்த உப்பு எத்தனை நாளில் எவ்வளவு ஈரம் வாங்குகிறது என்று அறிய வெடிமருந்து தேவையில்லை. உப்பும் தராசும் போதும். இரண்டும் நம் வேதியியல் ஆய்வகத்தில் உள்ளன. பேராசிரியர்கள் இசைந்தால் வரும் ஐப்பசியிலேயே எடைபோடத் தொடங்கலாம்.