அட்டையின் விலையும் ஆசையின் விலையும்

விளையாட்டு வீரரின் படம் பொறித்த அட்டைகளைப் பிள்ளைகள் சேர்ப்பதைக் கண்டால் எம்மவருட் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். வேறு சிலர் ஆவலோடு விலை கேட்கின்றனர். முன்னவர் அதனை வீண் பித்து என்கின்றனர். பின்னவர் முதலீடு என்கின்றனர். இருசாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது வாதம். பிள்ளை எதற்காகச் சேர்க்கிறான் என்று இவர்கள் கேட்பதேயில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். ஒருவன் துடுப்பாட்டத்தின் மீதுள்ள காதலாற் சேர்க்கிறான். அட்டையின் பின்புறத்திலுள்ள ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் மனனஞ் செய்கிறான். இன்னொருவனுக்குத் தொகுதி நிறைவுற வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் உறக்கம் வராது. மூன்றாமவன் தோழமைக்காகச் சேர்க்கிறான். கையில் அட்டை இல்லாதவனை இடைவேளையில் யாருஞ் சேர்த்துக்கொள்வதில்லை. நான்காமவன், பிறரிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறதெனக் காட்டச் சேர்க்கிறான். ஐந்தாமவன், அது ஒருநாள் இலட்சங்களுக்கு விலைபோகும் என்று வீட்டார் சொன்னதனாற் சேர்க்கிறான். இவ்வைந்தையும் ஒரே பெயராற் பழிப்பதும், ஒரே பெயராற் புகழ்வதும் அறியாமையே.

ஆனால் அட்டையை அச்சிட்டு விற்பவனின் நோக்கம் தொடக்கம் முதல் ஒன்றேதான். இங்கிலாந்தின் வில்ஸ் நிறுவனம் 1896இல் துடுப்பாட்ட வீரரின் படங்களைச் சிகரெட்டுப் பெட்டியில் இட்டது புகையிலை விற்பதற்காக. 1933இல் அமெரிக்காவின் கௌடி என்ற பபிள்கம் நிறுவனம் 240 அட்டைகள் கொண்ட தளவாட்டத் தொகுதியொன்றை வெளியிட்டது. அதில் 106ஆம் எண்ணை அச்சிடவேயில்லை! இல்லாத அட்டையைத் தேடிப் பிள்ளைகள் மேலும் மேலும் பபிள்கம் வாங்கினர். முறையிட்டு எழுதியவர்களுக்கு மட்டும் 1934இல் அதை அச்சிட்டு அனுப்பினர். நிறைவை விரும்பும் பிள்ளையின் மனத்தை வணிகன் நன்கு படித்திருந்தான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இதிலுள்ள கணக்கு எளியது. 50 அட்டைகள் கொண்ட தொகுதி. மூடிய உறை ஒன்றில் ஓர் அட்டை. எல்லா அட்டைகளும் சம எண்ணிக்கையில் அச்சிடப்பட்டன என்றே கொள்வோம். தனித்து வாங்கும் பிள்ளை தொகுதியை முடிக்கச் சராசரியாக 225 உறைகள் வாங்க வேண்டும். கடைசி அட்டை ஒன்றுக்கு மாத்திரம் சராசரி 50 உறைகள்! சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சிட்டாலோ கணக்கு இன்னுங் கொடிது. ஆனால் ஐந்து பிள்ளைகள் தம்மிடம் மிகுந்தவற்றை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால், ஒவ்வொருவரும் வாங்க வேண்டிய உறைகள் பெரிதுங் குறைந்துவிடும். பண்டமாற்றுச் செய்யும் தோழமை வணிகனுக்குப் பகை. அந்தத் தோழமையைத்தான் 'வகுப்பறையிற் குழப்பம்' என்று சொல்லி நாம் பறிமுதல் செய்கிறோம்! தனியே அறையிலிருந்து உறைமேல் உறையாகப் பிரிக்கும் பிள்ளையோ எவர் கண்ணிலும் படுவதில்லை.

முதலீடு என்போருக்கு ஒரு சொல். 2022 ஆகஸ்டில் மிக்கி மாண்டில் என்ற தளவாட்ட வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று ஒரு கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் எமது மேல்மாகாணப் பாடசாலைகளிற் கடதாசியும் மையும் இன்றித் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. எங்கோ ஒரு துண்டு அட்டைக்குக் கோடி டொலர். இங்கே பிள்ளை விடையெழுதக் கடதாசியில்லை. இந்த விலையையா பிள்ளைகளுக்கு இலட்சியமாகக் காட்டுவது?

"விலை உண்மைதானே, அதை மறுக்க முடியுமா?" என்பர். மறுக்கவில்லை. ஆயின் அவ்விலைக்குக் காரணம், ஏனைய அட்டைகள் எறியப்பட்டமையே. 1980களின் இறுதியில் விலையேற்றத்தை நம்பி அமெரிக்கர் பெட்டிபெட்டியாகப் பதுக்கினர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. இன்று அவற்றுட் பெரும்பாலானவற்றை வாங்குவாரில்லை. எல்லோரும் பதுக்கும் பொருள் அருமையாவது எங்ஙனம்?

மற்றொரு மதிப்பும் உண்டு. முத்தையா முரளிதரனின் அட்டையை ஒரு பிள்ளை கையிலெடுக்கிறான் என்க. டெஸ்ட் விக்கெட்டுகள் 800 என்று அதிற் காண்பான். அந்த எண்ணூறாவது 2010 ஜூலையிற் காலியில் வீழ்ந்தது. ஆனால் 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ண் மைதானத்தில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் மீண்டும் மீண்டுங் குற்றஞ் சாட்டியதையும், அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் நின்றதையும் அந்த எண் சொல்லாது. கண்டித் தமிழனுக்காகச் சிங்களத் தலைவன் நின்ற அக்கதையைச் சொல்ல ஆசிரியன் வேண்டும், தந்தை வேண்டும். ஒரு கதையால் இந்நாட்டின் புண் ஆறிவிடாது என்பதை நாம் அறிவோம். எனினும் பிள்ளையின் ஆசைக்கு அதைவிடத் தக்க உணவு வேறில்லை.

ஆகவே ஆசிரியர்களே, அட்டைகளைப் பறிக்காதீர்கள். இடைவேளையிற் பண்டமாற்றுக்கு இடங்கொடுங்கள். பணங்கொடுத்து வாங்குவதை மட்டும் தடுங்கள். பெற்றோரே, விலை நாளை என்னவாகும் என்று பிள்ளையின் காதில் ஓதாதீர்கள். உறை விற்பவர்களே, எந்த அட்டை எத்தனைக்கு ஒன்றாக அச்சிடப்பட்டதென்பதை உறையின் மேலேயே அச்சிடுங்கள். அதற்கு அஞ்சுவீர்களாயின் நீங்கள் விற்பது அட்டையன்று, சூது. சூதைப் பிள்ளைகளுக்கு விற்க எந்தச் சமூகமும் இடங்கொடுத்தலாகாது.